வைகை அணையில் மிதந்த தெர்மாகோல்: சிரிப்பு ஓய்ந்த பிறகு ஒரு கணக்கு

2017 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை. வைகை அணை நீர்த்தேக்கத்தில் தெர்மாகோல் அட்டைகளைப் பரப்பி, தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கும் முயற்சியை அப்போதைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் ராஜூ தொடங்கிவைத்தார். அதிகாரிகள் இருந்தார்கள், கேமராக்கள் இருந்தன. ஒன்றோடொன்று டேப் போட்டு ஒட்டிய வெள்ளை அட்டைகளைத் தண்ணீரில் விட்டார்கள். சில நிமிடங்களில் காற்று அவற்றைப் பிரித்துக் கரையில் ஒதுக்கிவிட்டது. திட்டச் செலவு 10 லட்சம் ரூபாய் என்று அன்றைய செய்திகள் சொல்லின. முயற்சி அத்தோடு கைவிடப்பட்டது.

அதற்கப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். மீம்ஸ், பட்டப்பெயர், சட்டமன்றத்தில் கிண்டல். இன்றுவரை மதுரையில் யாராவது அரைகுறை யோசனை ஒன்றைச் சொன்னால் எதிரில் இருப்பவர் "தெர்மாகோலா?" என்பார். கிண்டல் நியாயமானதுதான். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு கேள்வி அமுங்கிப்போனது: அணையில் தண்ணீர் உண்மையிலேயே எவ்வளவு வீணாகிறது, எங்கே வீணாகிறது? அன்று அணைக்குப் போனவர்கள் இதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. சிரித்தவர்களும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறது.

அன்றைய நிலைமை

2016-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டை முழுக்கக் கைவிட்டது. வழக்கமான அளவைவிட 62 சதவீதம் குறைவு. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காணாத பஞ்சம் என்றார்கள். 2017 ஜனவரியில் அன்றைக்கிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. தென்மேற்குப் பருவமழையும் ஏற்கெனவே சரியில்லாததால் முல்லைப் பெரியாற்றிலிருந்து வர வேண்டிய தண்ணீரும் வரவில்லை.

வைகை அணை இருப்பது தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில். மதுரையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். 1959 ஜனவரி 21-இல் அன்றைய முதல்வர் காமராஜர் திறந்துவைத்த அணை. அணையின் உயரம் 111 அடி, தண்ணீர் தேக்கக்கூடிய உயரம் 71 அடி. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் இதன் மதகைப் பார்த்துத்தான் நாற்று விடுகின்றன. மதுரை மாநகருக்கு மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 11.5 கோடி லிட்டர் அணையிலிருந்து எடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து, அங்கிருந்து குழாய் வழியாக நகரத்துக்கு வரும். இது போக மேலக்கால், கோச்சடை போன்ற இடங்களில் ஆற்றுப் படுகைக் கிணறுகள். 2011 கணக்கெடுப்பின்படி மதுரையும் அதை ஒட்டிய நகர்ப்பகுதியும் சேர்ந்து 14 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அந்தக் கோடையில் பல வார்டுகளில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்க, லாரி எப்போது வரும் என்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்த நாட்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு சித்திரைப் பௌர்ணமி மே 10-இல் வந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுவது வழக்கம். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் அணை மட்டத்தைப் பார்க்கிற எந்த அரசியல்வாதிக்கும் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும். ஏதாவது செய்கிறோம் என்று காட்ட வேண்டிய நெருக்கடி அது. செல்லூர் ராஜூ அப்போது மதுரை மேற்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். கேள்வி அவரிடம்தான் வரும்.

நிர்வாகக் கோணத்தில் ஒரு விநோதம். அணை அப்போது பொதுப்பணித் துறையுடையது. தண்ணீர் மாநகராட்சிக்கு. தொடங்கிவைத்தவர் கூட்டுறவுத் துறை. இது அதிகாரிகள் சொன்ன யோசனை என்று அவரே பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். இருக்கலாம். ஆனால் யோசனைக்கும் தொடக்க விழாவுக்கும் நடுவில் ஒரு பரிசோதனை இருந்திருக்க வேண்டும். அது எங்கே காணாமல் போனது என்பதுதான் இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அட்டை ஏன் கரைக்கு வந்தது

யோசனையின் அடிப்படையில் தவறு இல்லை. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். வெயில் தண்ணீரின் மேல்பரப்பைச் சூடாக்குகிறது, காற்று அதன் மேல் இருக்கும் ஈரத்தை அள்ளிக்கொண்டு போகிறது. இரண்டையும் மறைத்தால் ஆவியாதல் குறையும். அண்டாவுக்கு மூடி போடுகிற அதே சங்கதி. தெர்மாகோல் வெள்ளையாக இருப்பதால் வெயிலைத் திருப்பி அனுப்பும், சூட்டை உள்ளே விடாது, தண்ணீரில் மிதக்கும், மலிவு. அமெரிக்காவில் அரிசோனா பக்கம் சின்னக் குளங்களில் இதே பொருளில் செய்த மிதவைகளைப் போட்டு ஆராய்ச்சியாளர்கள் பத்தாண்டுகளுக்கு முன்பல்ல, 1970-களிலேயே சோதித்திருக்கிறார்கள். மூடிய பரப்புக்கு ஏற்ற அளவில் ஆவியாதல் குறையவும் செய்தது.

அப்படியென்றால் வைகையில் என்ன ஆயிற்று? எடையைப் பாருங்கள். கடைகளில் கிடைக்கும் ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள அட்டை, ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம். அதில் பெரும்பகுதி காற்றுதான். எடை நூறு கிராமுக்கும் கீழே. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, தன்னை மறிக்கும் பரப்பின் மேல் சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ அளவுக்கு அழுத்தும். அரை சதுர மீட்டர் அட்டைக்கு முக்கால் கிலோ. அதாவது அட்டையின் எடையைப்போல் ஏழெட்டு மடங்குக்குக் குறையாது. தட்டையாகப் படிந்து கிடக்கும்வரை காற்று மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு சின்ன அலை ஓர் ஓரத்தைத் தூக்கினால் போதும், அடியில் காற்று புகுந்து அட்டை எழுந்துவிடும். 18 கிலோமீட்டர் என்பது புயல் இல்லை. கொடியில் காயும் வேட்டி படபடக்கும் காற்று, அவ்வளவுதான். ஆண்டிபட்டி வட்டாரத்தில் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் காற்றாலைகள். முதலீடு போட்டுக் காற்றாலை நிறுத்துகிற ஊரில் காற்றைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

அடுத்து டேப். காய்ந்த அட்டைப்பெட்டிக்கு ஒட்டுகிற டேப் ஈரமான தெர்மாகோலில் பிடிக்காது. பிடித்தாலும் அலை வரும்போது ஒவ்வொரு இணைப்பும் மேலும் கீழும் மடங்கும். மடங்கி மடங்கி முதலில் பிரிவது இணைப்புதான். கயிறு கட்டி நங்கூரம் போட்டிருந்தால்? சற்று நேரம் கூடுதலாக நின்றிருக்கும். அப்புறம் வெயிலில் பொடிந்து உதிர்ந்திருக்கும். தெர்மாகோல் வெயிலுக்கு நீண்ட நாள் தாங்காது. உதிரும் வெள்ளை மணிகள் மீன் வாய்க்கும், கடைசியில் குடிநீர்க் குழாயின் வடிகட்டிக்கும் போய்ச் சேரும். ஒரு வகையில், காற்று அன்றைக்கே கரையில் ஒதுக்கியது நல்லதாகப் போயிற்று. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஆறு மாதம் அங்கேயே கிடந்திருந்தால் அள்ளுவது யார்?

எவ்வளவுதான் ஆவியாகிறது

இப்போது அளவுக்கு வருவோம். நீர்ப்பரப்பில் ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் ஆவியானால் போவது 10 லட்சம் லிட்டர். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் பெருக்கல்தான்.

நம் பக்கத்துக் கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஐந்து முதல் எட்டு மில்லிமீட்டர் வரை போகும். ஆறு என்று வைத்துக்கொள்வோம். வைகை அணை நிரம்பியிருக்கும்போது நீர்ப்பரப்பு 20 சதுர கிலோமீட்டருக்கும் மேல். மட்டம் இறங்க இறங்கப் பரப்பும் சுருங்கும். கோடை வறட்சியில் 5 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 3 கோடி லிட்டர். மதுரை நகரம் அணையிலிருந்து எடுக்கிற தண்ணீரில் கால் பங்குக்கும் மேல்! ஆக, அமைச்சரும் அதிகாரிகளும் கவலைப்பட்ட விஷயம் கற்பனை இல்லை. ஆவியாதல் பெரிய திருட்டுதான்.

சரி, அதைத் தெர்மாகோல் தடுக்குமா? ஒரு ஏக்கரை மூட எட்டாயிரம் அட்டை வேண்டும். ஒரு அட்டை கூட நகராமல் நின்று, ஆவியாதலில் 80 சதவீதத்தைத் தடுத்தாலும் ஒரு ஏக்கருக்கு மிச்சமாவது நாளொன்றுக்கு 19 ஆயிரம் லிட்டர் சொச்சம். 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரிக்கு ஒன்றரை நடை. 5 சதுர கிலோமீட்டரை மொத்தமாக மூட வேண்டுமென்றால் ஒரு கோடி அட்டை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் 100 கிலோமீட்டர் உயரம் வரும். லாரியில் ஏற்றினால் ஆயிரம் நடைக்கு மேல். அட்டைக்கு 25 ரூபாய் என்று வைத்தாலும் 25 கோடி ரூபாய், ஒரு பருவத்துக்கு மேல் தாங்காத பொருளுக்கு. முந்தின நாள் சாயங்காலம் ஒரு துண்டுக் காகிதத்தில் இந்தப் பெருக்கலைப் போட்டிருந்தால் விழாவே நடந்திருக்காது.

ஒரு பரிசோதனை எப்படி இருந்திருக்க வேண்டும் என்றும் சொல்லலாம். அணைக்கட்டுகளில் ஆவியாதலை அளக்க ஒரு தகரத் தொட்டி வைப்பார்கள். நாலடி விட்டம், பத்து அங்குல உயரம், தினமும் காலையில் மட்டம் பார்த்துக் குறிப்பார்கள். அதுபோல இரண்டு தொட்டி. ஒன்று திறந்தது, ஒன்றில் தெர்மாகோல். கூடவே அணையின் ஓரத்தில் கால் ஏக்கருக்கு ஒரு மிதவை கட்டி, காற்றுக்கு நிற்கிறதா என்று ஒரு வாரம் வேடிக்கை பார்த்தால் போதும். சில ஆயிரங்களில் முடிந்திருக்கும். கேமரா தேவைப்பட்டிருக்காது, அதுதான் சிக்கல் போலிருக்கிறது.

லாஸ் ஏஞ்சல்ஸில் போட்ட கருப்புப் பந்துகள்

தெர்மாகோல் விவகாரம் வெடித்தபோது ஆதரவாகச் சொல்லப்பட்ட ஒரே வாதம், வெளிநாட்டிலும் இப்படிச் செய்கிறார்கள் என்பது. உண்மைதான், ஆனால் அந்தக் கதையை முழுக்கப் படிக்க வேண்டும்.

2015 ஆகஸ்ட்டில் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் குடிநீர்த் தேக்கத்தில் 9.6 கோடி கருப்புப் பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டினார்கள். ஒரு பந்து 36 அமெரிக்க சென்ட், மொத்தம் 3.45 கோடி டாலர். 175 ஏக்கர் தேக்கம் முழுக்கக் கருப்பாக மாறிய வீடியோ உலகமெங்கும் சுற்றியது. வறட்சிக்குத் தண்ணீர் சேமிக்கிறார்கள் என்றுதான் பெரும்பாலோர் புரிந்துகொண்டார்கள். தேனிக்கும் அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஆனால் பந்துகளின் முதல் வேலை ஆவியாதலைத் தடுப்பது இல்லை. தண்ணீரில் இயற்கையாக இருக்கும் புரோமைடு, கிருமிநாசினியாகச் சேர்க்கும் குளோரின், இரண்டோடும் வெயில் சேர்ந்தால் புரோமேட் என்ற கெட்ட பொருள் உண்டாகும். புற்றுநோய்க்கு வழிவகுக்கலாம் என்று சந்தேகிக்கப்படுவது. 2007-இல் அந்த நகரின் சில தேக்கங்களில் அது கண்டுபிடிக்கப்பட்டது. வெயிலை மறைப்பதற்காக 2008-லேயே ஒரு சின்னத் தேக்கத்தில் பந்து போட்டுப் பார்த்தார்கள். அங்கே வேலை செய்த பிறகுதான் பெரியதற்குப் போனார்கள். சுத்திகரித்த தண்ணீரைத் திறந்த வெளியில் வைக்கக் கூடாது என்ற அரசு விதியும் சேர்ந்துகொண்டது. ஆவியாதல் குறைந்தது மேலதிக லாபம்.

பந்துகள் ஏன் பறக்கவில்லை? உருண்டை என்பதால் அடியில் காற்று புகுந்து தூக்க ஓரம் கிடையாது. உள்ளே கொஞ்சம் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள், எடைக்காக. கருப்பாக இருந்ததற்கும் காரணம் உண்டு: பிளாஸ்டிக்கில் சேர்த்த கார்பன் தூள் வெயிலில் அது உளுத்துப்போகாமல் காக்கும். தெர்மாகோலில் இந்த மூன்றுமே கிடையாது.

கதை அங்கேயும் முடியவில்லை. 2018-இல் நேச்சர் சஸ்டைனபிலிட்டி ஆய்விதழில் வந்த கட்டுரை ஒன்று, அந்தப் பந்துகளைத் தயாரிக்கவே எவ்வளவு தண்ணீர் செலவானது என்று கணக்குப் போட்டது. 2015 ஆகஸ்ட் முதல் 2017 மார்ச் வரை பந்துகள் காப்பாற்றியது சுமார் 17 லட்சம் கன மீட்டர். அவற்றைச் செய்ய ஆனது 29 லட்சம் கன மீட்டர் வரை. வறட்சி முடிந்த பிறகும் பந்துகள் பல காலம் கிடந்தால்தான் கணக்கு நேராகும். இவ்வளவு யோசித்துச் செய்த வேலைக்கே இந்த நிலை.

நம் ஊர்ப் பக்கம் வந்தால், தண்ணீரை மூடுவதோடு வேறொரு வருமானமும் கிடைக்கிற வழிகள் முளைத்துவிட்டன. 2012-இல் குஜராத்தில் நர்மதைக் கால்வாயின் மேல் சோலார் பலகைகளைப் பரப்பினார்கள். 2022-இல் தூத்துக்குடியில் ஸ்பிக் ஆலையின் நீர்த்தேக்கத்தில் மிதக்கும் சோலார் நிலையம் வந்தது. மின்சாரம் செலவை ஈடுகட்டும், நிழல் இலவசம். ஆனால் 71 அடியிலிருந்து 20 அடிக்கு ஏறி இறங்குகிற வைகை போன்ற பாசன அணையில் மிதவையை நிறுத்துவது ஆலைத் தொட்டியில் நிறுத்துவதுபோல் சுலபம் இல்லை. மீன்பிடிப்பவர்களையும் கேட்க வேண்டும்.

அணைக்குள் படுத்திருக்கும் மண்

மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது கீழே நடந்ததை விட்டுவிட்டோம். அணை கட்டியபோது அதன் மொத்தக் கொள்ளளவு சுமார் 6,880 மில்லியன் கன அடி. இன்றைய அன்றாட அறிக்கைகளில் முழுக் கொள்ளளவு 6,091 என்று இருக்கிறது. இடையில் ஏறத்தாழ 790 மில்லியன் கன அடி இடத்தை வண்டல் பிடித்துக்கொண்டது. அந்த இடத்தில் நிற்கக்கூடிய தண்ணீர் எவ்வளவு என்று லிட்டராக்கினால் 2,200 கோடிக்கும் மேல். நாளைக்கு 11.5 கோடி லிட்டர் என்ற கணக்கில் மதுரைக்கு ஆறு மாதத்துக்கு மேல் வரும்.

எங்கிருந்து வந்தது இந்த மண்? வருசநாட்டு மலையிலிருந்து மூல வைகை இறங்குகிறது. மேகமலை, வருசநாடு சரிவுகளில் காடு அழிந்த இடங்களில் மழை பெய்தால் தண்ணீரோடு மண்ணும் இறங்கும். அணை அதை மறித்து வைத்துக்கொள்ளும். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது புலியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். மதுரைக்காரனுக்கு அது குடிநீர்ச் செய்தியும்கூட.

தூர்வார வேண்டும் என்ற பேச்சு ஒவ்வொரு தேர்தலிலும் வரும். சொல்வது சுலபம். 2 கோடி கன மீட்டருக்கு மேல் மண்ணை அள்ளி எங்கே கொட்டுவது, யார் செலவில்? ஒரு லாரிக்கு 10 கன மீட்டர் என்றால் 20 லட்சம் நடை. ஆனாலும் வறட்சி ஆண்டுதான் அதற்கான நேரம். 2017 கோடையில் அணையின் ஓரங்கள் வறண்டு வெடித்துக் கிடந்தன. விவசாயிகள் வண்டல் எடுத்து வயலில் போட்டுக்கொள்ள அனுமதித்திருந்தால், 10 லட்சம் ரூபாயில் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

மணல் என்னும் மூடி

இனி நான் சொல்ல வந்த விஷயம். மூடி போட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தவர்களுக்கு, வைகையில் ஏற்கெனவே ஒரு மூடி இருந்தது நினைவுக்கு வரவில்லை.

ஐம்பது வயதைத் தாண்டிய மதுரைக்காரர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். வைகையில் தண்ணீர் ஓடாத மாதங்களிலும் ஊற்று தோண்டினால் தண்ணீர் வரும். கையால் மணலைப் பறித்து, ஒரு முழம் ஆழத்தில் ஈரம் தட்டும், இன்னும் கொஞ்சம் பறித்தால் குழியில் தண்ணீர் கசிந்து நிற்கும். முதல் தண்ணீர் கலங்கலாக இருக்கும், அதை இறைத்துவிட்டால் அடுத்து வருவது கண்ணாடிபோல. சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். குழி இடிந்து விழாமல் ஓரத்து மணலை அவ்வப்போது தட்டிவிட வேண்டும். ஒரு குடம் நிரம்ப நேரமாகும், ஆனால் நிரம்பும்.

அது என்ன ஏற்பாடு என்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கும். வெள்ளம் போகும்போது மணலுக்குள் தண்ணீர் இறங்கி நிற்கிறது. பரும்படி மணலின் கன அளவில் நாலில் ஒரு பங்குக்குக் குறையாமல் தண்ணீர் நிற்க இடமுண்டு. மேலே உள்ள மணல் முதலில் காய்ந்துவிடும். காய்ந்த பிறகு அதுவே போர்வை. தண்ணீர் இரண்டடி மூன்றடிக்குக் கீழே இறங்கிவிட்டால் வெயிலாலும் காற்றாலும் அதைத் தொட முடியாது, ஆவியாதல் பெரும்பாலும் நின்றுவிடும். டேப் வேண்டாம், நங்கூரம் வேண்டாம், காசு கிடையாது. போதாததற்கு வடிகட்டியும் தருகிறது. மேலக்காலிலும் கோச்சடையிலும் ஆற்றுக்குள் கிணறு இறக்கியது இதை நம்பித்தான். ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் கிடுய் பகுதியில் வறண்ட ஆறுகளின் குறுக்கே சிறு சுவர் கட்டி, வேண்டுமென்றே மணலைத் தேக்குகிறார்கள். மணல் அணை என்று பெயர். மணல் நிறைந்ததும் அதற்குள் தண்ணீர் சேரும், கோடையில் ஊற்றுத் தோண்டிக்கொள்வார்கள். நமக்கு ஆறே சும்மா செய்து கொடுத்ததை அவர்கள் சுவர் கட்டிச் செய்கிறார்கள்.

நாம் என்ன செய்தோம் என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. லாரி லாரியாக வீடாகவும் அடுக்குமாடியாகவும் மணல் போய்விட்டது. இன்று நகருக்குள் பல இடங்களில் ஆற்றில் இருப்பது களிமண், கருவேலம், ஆகாயத்தாமரை, சாக்கடை. அணை வந்தபின் மேலேயிருந்து புது மணல் வருவதும் குறைந்துவிட்டது. மலையிலிருந்து இறங்குகிற மணல் அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இதைத்தான் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அணைக்குள் இடத்தை அடைப்பதில் ஒரு பகுதி, ஆற்றில் இருந்திருக்க வேண்டிய மணல். ஒரே பொருள், ஓர் இடத்தில் தொல்லை, இன்னோர் இடத்தில் பற்றாக்குறை.

பத்து லட்சம் ரூபாய்த் தெர்மாகோலுக்காக ஒரு அமைச்சரை இத்தனை ஆண்டு கேலி செய்த நாம், கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள மூடியை நம் கண்முன் அள்ளிக்கொண்டு போனவர்களுக்கு ஒரு பட்டப்பெயர்கூட வைக்கவில்லை. மீம்ஸுக்கு வெள்ளை அட்டை வசதியாக இருந்தது, ராத்திரி லாரி வசதியாக இல்லை.

குழாய்

தெர்மாகோலுக்குப் பிறகு மதுரைக் குடிநீருக்கு நடந்த பெரிய மாற்றம், தேனி மாவட்டத்து லோயர் கேம்ப்பிலிருந்து முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நேரடியாகக் குழாயில் கொண்டுவரும் திட்டம். மத்திய அரசின் அம்ருத் திட்ட நிதியோடு, நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் என்ற இலக்கு. பண்ணைப்பட்டியில் சுத்திகரிப்பு, அங்கிருந்து மதுரை. முல்லைப் பெரியாறு அணை 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்தது. அதன் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து வைகை அணைக்கு வரும். புதுக் குழாய் அந்தப் பயணத்தைத் தவிர்க்கிறது. ஆவியாதலுக்குக் குழாயைவிட நல்ல மூடி கிடையாது. காற்று தூக்காது, வெயில் தொடாது, வறட்சியில் அணை வற்றினாலும் மேலேயிருந்து பங்கு வரும். மதுரைவாசியாக எனக்கு இது நிம்மதி தருகிற திட்டம்.

கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் இதை எதிர்த்தார்கள். தண்ணீரை ஆற்றிலேயே விடுங்கள், வைகை அணைக்கு வந்த பிறகு அங்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது அவர்கள் கேட்டது. ஆற்றில் விட்டால் வழியில் ஒரு பங்கு குறையும் என்று பொறியாளர்கள் சொல்வார்கள், கணக்குப்படி அது சரி. குறைவதில் ஒரு பகுதி வெயிலுக்குப் போகும். இன்னொரு பகுதி ஆற்று மணலுக்குள் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம் கிணறுகளில் மட்டத்தை நிறுத்திவைக்கும். திராட்சைத் தோட்டமும் தென்னையும் அதை நம்பி இருக்கின்றன. மதுரையின் கணக்குப் புத்தகத்தில் வழி இழப்பு என்று எழுதப்படுவது, அங்கே ஒரு கிணற்றின் மோட்டார் இன்னும் பத்தடி கீழே இறக்கப்படாமல் இருப்பதற்குக் காரணம். குழாய்க்குள் போகும் தண்ணீரில் எத்தனை பங்கு வெயிலிடமிருந்து மிச்சம் பிடித்தது, எத்தனை பங்கு கம்பத்துக் கிணறுகளிடமிருந்து எடுத்தது என்று யாரேனும் இரண்டு அளவு தொட்டிகளையும் சில கிணற்று மட்டங்களையும் வைத்து அளக்கத் தொடங்கலாம்.